கிளுவைக்குத் தார் பூசியவன்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வேலிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தேன்.

கையில் பூதக்கண்ணாடி. முந்தின நாள் மழையில் நனைந்த மண், வேட்டி முழங்கால் வரை சேறு. அறுபத்தைந்து வயதில் மண்டியிடுவது சுலபம். எழுந்திருப்பதற்குத்தான் தனி நடைமுறை தேவைப்படுகிறது.

"ஏனுங்க, சாமி கும்பிடறீங்களா? கோயிலு அந்தப் பக்கமுங்க இருக்குது" என்றாள் என் மனைவி சரோஜா, பால் பாத்திரத்தோடு வந்து நின்று.

"வேலியை ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன்."

"ஆய்வு செய்யறவரு எதுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு இருக்கறீங்க?"

குனிந்து பார்த்தேன். பூதக்கண்ணாடியின் காம்பு இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இருந்தது. கும்பிடுகிற மாதிரிதான் இருந்தது. எப்போது அப்படி ஆனது என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வேலியைப் பார்த்து ஒரு மனிதன் கை கூப்புவானா? என்னைப் போன்றவன் கூப்புவதற்கு முன்னால் நிறைய நடந்திருக்க வேண்டும். நடந்தது.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் சரித்திரம் தெரியும். முப்பத்துநான்கு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். எந்த வேலைக்கு எந்தப் படிவம், எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்த நகல் யாருடைய மேஜையில் தூங்கும் — எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை. பச்சை மைக்காரர்களுக்குக் கோப்பைத் தயார் செய்து அனுப்புகிற நாற்காலி என்னுடையது.

நாங்கள் இருந்த கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஐ.டி. பார்க் விடுகிற நேரத்துக்குத் தெருவைக் கடக்கவே ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும் போலிருந்தது. அதனால் போன வருடம் பங்குனியில் பல்லடத்தைத் தாண்டி, சின்ன வீட்டோடு அரை ஏக்கர் வாங்கிக் குடிவந்தோம். தெற்கே சாலை, கேட். மற்ற மூன்று பக்கமும் கிளுவை வேலி.

கிளுவை இந்தப் பக்கத்து முள்மரம். வேலிக்காக அதை நெருக்கமாக நட்டு விட்டிருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது பங்குனியில். ஓர் இலை இல்லை. சாம்பல் நிறத்தில் குச்சிகள், முட்கள், அவற்றுக்கு நடுவே யாரோ எறிந்த பாலிதீன் பை. பழைய எலும்புக்கூட்டை வரிசையாக நிறுத்தி வைத்த மாதிரி.

பராமரிப்புப் பிரிவில் இதற்கு ஒரு சொல் உண்டு — கழிக்கத்தக்கது.

வடக்குப் பக்க வேலியில்தான் ஆரம்பித்தேன். வேலிக்கு அந்தப் புறம் பழனாத்தாளின் காடு. காடு என்றால் மரக்காடு இல்லை. எங்கள் பக்கத்தில் மானாவாரி மேய்ச்சல் நிலத்தையும் காடு என்றுதான் சொல்வோம். பழனாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபத்துமூன்று செம்மறி ஆடுகள். அவற்றை அந்தக் காட்டில் விட்டுவிட்டு, காலை ஷிப்டுக்குப் பல்லடத்தில் தறி ஓட்டப் போய்விடுவார். ஆடு மேய்க்க ஆள் கிடையாது. அது எப்படி முடிகிறது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அளவைக் கல்லின்படி வேலி முழுவதும் என் நிலத்துக்குள் இருந்தது. ஆகவே யாரையும் கேட்கத் தேவையில்லை — விதி அப்படித்தான் சொல்கிறது. பொக்லைன் வந்தது. அறுபது அடி வேலி ஒரே காலையில் காலி.

ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வந்த பழனாத்தாள் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாருங்க, அது உசுரோட இருந்ததுங்களே."

நான் சிரித்தேன். இன்றைக்கு வரை அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை.

அந்த இடத்தில் மரவேலி எழுந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுப் புகைப்படத்தில் பார்த்த அதே வேலி — சவுக்குக் கால்கள், பைன் பலகைகள், வெள்ளை பெயின்ட். கோயம்புத்தூர் கோட்டைமேட்டிலிருந்து வந்த தச்சர் ரஹீம் பாய்தான் செய்தார். நல்ல கைக்காரர். கால் நடும்போது மட்டும் தயங்கினார்.

"சார், அடியில காலைச் சுத்திக் கிண்ணம் மாதிரி கான்கிரீட் போட்டா தண்ணி உள்ளயே நிக்கும் சார். மரத்துக்கு ஆகாது."

"வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது பாய்."

"வரைபடம் நனையாது சார். மரம் நனையும்."

வரைபடம்தான் ஜெயித்தது. நான் இருக்கிற இடத்தில் வரைபடம் எப்போது தோற்றிருக்கிறது?

ஐப்பசி வந்தது. மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு கையேடு அனுப்பினார் — குளிர்காலத்தில் மரவேலியைப் பராமரிப்பது எப்படி. பதினான்கு அறிவுரைகள். நான் உடனே ஒரு நீள நோட்டு வாங்கி, 'வேலிப் பராமரிப்புப் பதிவேடு' என்று எழுதிக் கோடு போட்டேன். தேதி, பகுதி, குறை, நடவடிக்கை, கையொப்பம்.

முதல் அறிவுரை: பலகை மேல் சேரும் பனிக்கட்டியை மென்மையான துடைப்பத்தால் தட்டிவிடவும். 'பொருந்தாது' என்று எழுதினேன். பல்லடத்தில் பெய்கிற பனிக்குத் துடைப்பம் தேவைப்படாது, மப்ளர் போதும். மற்ற பதின்மூன்றையும் வரி பிசகாமல் செய்தேன். அடியில் சேர்ந்த சருகைக் கூட்டினேன். சோப்புத் தண்ணீரில் கழுவினேன். காய்ந்ததும் உப்புத்தாளில் தேய்த்து இரண்டு கோட்டிங் பெயின்ட். வாரம் ஒருமுறை திருகுகளை இறுக்கினேன். ஒவ்வொரு வேலிக்காலையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்தி உளுப்பு இருக்கிறதா என்று சோதித்தேன்.

அதற்குள் ஒன்று நடந்தது. முதல் பெருமழைக்குப் பத்தாவது நாள், கிழக்கிலும் மேற்கிலும் நான் இடிக்காமல் விட்டிருந்த எலும்புக்கூடுகள் பச்சையாகிவிட்டன. ஒன்று இரண்டு இல்லை. வரிசை முழுக்க. எட்டிப் பார்க்க முடியாத அளவுக்கு. வெறும் தண்ணீர்தான் காரணம்... நான் பூசிய கோட்டிங் ஏதும் அந்தப் பக்கம் போகவில்லை.

இதைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? தெரியவில்லை. எழுதவில்லை.

மார்கழி இரண்டாவது வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எல்லாக் கால்களையும் குத்திப் பார்த்து 'குறை ஏதுமில்லை' என்று கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை காலை பனிமூட்டத்தில் ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினேன். வடக்கே நடுவில் மூன்று கால்கள் கான்கிரீட்டோடு ஒட்டிய இடத்தில் முறிந்து, பலகைகள் அப்படியே படுத்திருந்தன. பால்காரருக்காக நான் திறந்து வைத்த கேட் வழியாக வந்த நாய்கள், என் வாசல் வழியாக, என் வேலி மேல் நடந்து, அந்தக் காட்டுக்குள் போயிருந்தன.

பெயின்ட் பிரஷ் கட்டிய நீளக் கம்போடு ஓடினேன். நாய்கள் போய்விட்டன. ஒரு குட்டி செத்துக் கிடந்தது. சினையாட்டு ஒன்றின் பின்னங்காலில் சதை கிழிந்திருந்தது. சரோஜா தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். நான் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

முறிந்த வேலிக்காலைத் தொட்டுப் பார்த்தேன். ஊறவைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. கான்கிரீட் கிண்ணத்துக்குள் தண்ணீர் நின்று, உள்ளேயே உளுத்திருக்கிறது. நான் குத்தியதெல்லாம் கான்கிரீட்டுக்கு மேலே. நடைமுறை காட்டிய இடத்தில் குத்தினேன். மரம் உளுத்த இடத்தில் குத்தவில்லை.

சேதி கேட்டுத் தறியிலிருந்து பாதியில் வந்த பழனாத்தாள் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"சினையாடு பதினொண்ணு இருக்குதுங்க சாருங்க. அதுகளைத்தான் இனிப் பாக்கோணும்" என்றார்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மொபெட் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"தறிக்குப் போகலையா அம்மணி?" என்று கேட்டாள் சரோஜா.

"எப்பிடிக்கா போறது? வேலி இருந்தா நான் தறிக்குப் போவேன். வேலி இல்லீனா நாந்தான் வேலி." குச்சியைத் தரையில் தட்டி, "வார ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் பொறுப்பேன்னு மேஸ்திரி சொல்லிப்போட்டாருங்க. அப்புறம் என்ற தறியில வேற ஆளுதான். இல்லாட்டி ஆட்டை வித்துப்போடோணும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இடித்தது எல்லைக்கோடு இல்லை. சம்பளம் வாங்காமல் இருபத்துமூன்று ஆடுகளைக் காத்துக்கொண்டிருந்த ஓர் ஆளை.

"திங்கட்கிழமை முதல் நான் உட்காருகிறேன்" என்றேன்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நாய் என்னைப் பார்த்து ஓடுமா, நான் நாயைப் பார்த்து ஓடுவேனா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை காலை பழனாத்தாள் தறிக்குப் போனார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் கம்பு, தலையில் மப்ளர், மடியில் பதிவேடு. நியமன ஆணை இல்லாமல் நான் ஏற்ற முதல் பணி.

விழுந்த பலகைகளைக் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தி, முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தோம். கேட்டைச் சாத்தினாலும் அடிச் சந்தில் நாய் நுழைந்துவிடும், ஒன்று முட்டினாலே இதுவும் சாய்ந்துவிடும். அதனால்தான் நாற்காலி.

சும்மா உட்காருகிறவன் எதையாவது பார்த்தாக வேண்டுமே. மேற்குப் பக்கத்துக் கிளுவை வேலியைப் பார்த்தேன். தை பிறந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து, மறுபடி எலும்புக்கூடு. முதல் வாரம் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாவது வாரம் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டேன். இரண்டு குச்சிகள் குறுக்கே உரசிய இடத்தில் பட்டை சேர்ந்து, இரண்டும் ஒன்றாக வளர்ந்திருந்தன. ஆணி இல்லை. திருகு இல்லை. வாரம் ஒருமுறை இறுக்க ஆள் இல்லை. இன்னொரு இடத்தில் எந்தக் காலத்திலோ யாரோ கட்டிய முள்கம்பியை மரம் விழுங்கியிருந்தது. ஒரு பக்கம் உள்ளே போன கம்பி மறுபக்கம் வெளியே வந்தது, நடுவில் ஒரு சாண் மரத்துக்குள் காணோம். எத்தனை வருடம் மென்றிருக்கும்?

ஒரு பட்டுப்போன கொப்பின் மேல் ஓணான். உள்ளே தேன்சிட்டுக் கூடு, தீப்பெட்டி அளவு வாசல். அடியில் பிரண்டை. அதன் நிழலில் கவுதாரி ஒன்று தன் குஞ்சுகளோடு குறுக்கே ஓடியது — ஆறு குஞ்சுகள், வரிசை பிசகாமல். நாய் நுழைய முடியாத வேலி அந்தக் குஞ்சுகளுக்கு மட்டும் வழிவிட்டது. இதை யார் வரைந்து கொடுத்தார்கள்?

என் வெள்ளை வேலியில் நான் இத்தனை மாதத்தில் கண்ட ஒரே உயிர், கரையான்.

தை கடைசியில் பழனாத்தாள் கிழக்கு வேலியிலிருந்து கிளுவைக் குச்சிகள் வெட்டினார். ஆள் உயரத்தில் எண்பது. இலை உதிர்ந்து கட்டை சும்மா இருக்கிற சமயத்தில் வெட்டி, நிழலில் நாலு நாள் போட்டு, அப்புறம் நட்டால் பிடிக்குமாம். "வெள்ளிக்கெழம நட்டுக்கலாமுங்க சாருங்க" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை. எண்பது குச்சிகள் என் முன்னால் படுத்திருக்கின்றன. நான் நாற்காலியில். வீட்டுக்குள் அரை டின் தார்.

வாசகர்களே, என்னை நீங்கள் அறிவீர்கள். மண்ணுக்குள் போகிற மரத்துக்கு அடியில் இரண்டு அடிக்குத் தார் பூச வேண்டும் என்பது பராமரிப்புப் பிரிவின் பால பாடம். போன தடவை வரைபடத்தில் இல்லை என்று அதைச் செய்யாமல் விட்டதால்தானே கால் உளுத்தது? இந்தத் தடவை விடுவேனா? செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு குச்சியாக, வெட்டுவாய் மூடும்படி, அழகாக. நாற்பது முடிந்தபோது மொபெட் வந்தது.

பழனாத்தாள் இறங்கினார். குச்சிகளைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மறுபடி குச்சிகளைப் பார்த்தார்.

"என்னங்க சாருங்க இது?"

"தார். மண்ணில் உளுக்காது. கரையான் வராது."

"வேரு எங்கீங்க உடும்?"

நான் தார் பிரஷைச் செய்தித்தாள் மேல் வைத்தேன்.

"வாயில தாரை அடைச்சுப்போட்டு சோறு திங்கச் சொன்னா எப்பிடீங்க திங்கும்?"

"செத்த குச்சிதானே..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஒரு குச்சியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். காகிதம் மாதிரிச் சாம்பல் தோல் உரிந்தது. அதற்கடியில் பச்சை. பச்சை என்றால் — இப்போதுதான் முளைத்த நெல்நாற்றின் பச்சை. ஈரமாக மினுங்கியது. மாங்காயும் சாம்பிராணியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை.

"நீங்களே பாருங்க" என்று என்னிடம் நீட்டினார்.

நான் சுரண்டினேன். பச்சை. அடுத்த குச்சி. பச்சை. தார் பூசியதைத் திருப்பி மேலே சுரண்டினேன். அதுவும் பச்சை. வெட்டி நாலு நாளாகிறது. வேர் இல்லை, இலை இல்லை, தண்ணீர் இல்லை, வெறுந்தரையில் கிடக்கிறது... உள்ளே அத்தனை பச்சையையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கிடக்கிறது.

போன வருடம் பங்குனியில் பொக்லைன் வாளியில் போனதும் இதுதான். அறுபது அடிப் பச்சை.

சரோஜா வந்து பார்த்தாள். தார் டின்னை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள். சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

"உடுங்கக்கா. அவரு நல்லதுக்குத்தான் பண்ணிப்போட்டாரு" என்று சிரித்தார் பழனாத்தாள். நாற்பது குச்சிகளிலும் தார் பூசிய பகுதியை அரிவாளால் வெட்டித் தள்ளினார். அதனால் இன்று எங்கள் வடக்கு வேலியில் பாதி உயரம், பாதி குட்டை. காரணம் கேட்பவர்களுக்கு அழகுக்காக என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நட்டோம். நான் குழி போட, அவர் நட, சரோஜா தண்ணீர் ஊற்ற. மரவேலியின் நல்ல பலகைகளைக் குறுக்கே வைத்துக் கட்டினோம், காற்றில் ஆடாமல் இருக்க. குச்சிகளுக்கு நடுவில் முள்.

மாசியில் ஒரு நாள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். ஏழு குச்சிகளில் துளிர். பழனாத்தாளிடம் ஓடினேன்.

அவர் மகிழவில்லை. "அதை நம்பாதீங்க சாருங்க. கட்டைக்குள்ள இருக்கற பால்ல ரெண்டு எலை உட்டுக் காட்டும். வேரு புடிச்சுதான்னு ரெண்டு மழை தாண்டினாத்தான் தெரியும்."

சொன்னபடியே பங்குனி வெயிலில் ஏழும் கருகின. மறுபடி எண்பது குச்சிகள், எலும்பு நிறத்தில். என் காவல் காலத்தில் பதினொரு ஆடும் நல்லபடியாக ஈன்றன. துள்ளுகிற குட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்பது குச்சிகளையும் திரும்பிப் பார்த்தேன். சரோஜாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. வைகாசி முழுக்க நான் கோயம்புத்தூரில் இருந்தாக வேண்டும். அதற்குள் வேர் பிடிக்கவில்லை என்றால் பழனாத்தாள் ஆட்டை விற்க வேண்டும், அல்லது தறியை விட வேண்டும்.

தினமும் ஒரு குச்சியை மட்டும் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். பச்சை இருக்கும். அதே விரலால் பதிவேட்டைப் புரட்டி, எதுவும் எழுதாமல் மூடுவேன்.

சித்திரையில் முதல் மழை. ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் திங்கட்கிழமை இரண்டாவது மழை, இடியோடு.

செவ்வாய்க்கிழமை காலை நான் மண்டியிட்ட கதை இதுதான்.

முதல் குச்சியில் ஒரு புள்ளி. பூதக்கண்ணாடியில் பார்த்தால், மடித்து வைத்த விசிறி மாதிரி மூன்று இலைகள். அடுத்த குச்சி. அடுத்தது. வரிசை முழுக்க. உயரமானதும் குட்டையானதும். முதல் மழையிலேயே உள்ளே ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும், இரண்டாவது மழைக்குக் காத்திருந்திருக்கின்றன.

பழனாத்தாள் வந்தார். இலையைப் பார்க்கவில்லை. ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னொன்றை உலுக்கினார். அசையவில்லை. நான் ஒன்றைப் பிடித்து இழுத்தேன், நான்தான் முன்னால் சாய்ந்தேன்.

எண்ணினோம். எண்பதில் எழுபத்தாறு. போன நான்கின் இடத்தில் அவர் முள்ளை இறுக்கிக் கட்டினார்.

"இனி நாய் மோதுனாலும் சாயாதுங்க" என்றார். பிறகு, போகிற போக்கில் சொல்வது போல, "நாளையிலிருந்து நாற்காலி வேண்டாமுங்க சாருங்க. அக்காவைக் கூட்டிட்டு ஆசுபத்திரிக்குப் போயிட்டு வாங்க. நான் தறிக்குப் போயிட்டு வாரேன்."

மொபெட் சத்தம் சாலை திரும்பும் வரை கேட்டது. ஆடுகள் தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

பணியிலிருந்து விடுபடுகிறவன் பொறுப்பை எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். அது நடைமுறை. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: 'ஒப்படைப்பவர் — நான். பெற்றுக்கொள்பவர்கள் — எழுபத்தாறு பேர்.' கையொப்பத்துக்கு வேலியிடம் ஓர் இலையைக் கேட்டு வாங்கி, கட்டத்தில் வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தேன், பச்சையாகக் கறை படிந்தது.

எனக்கு முப்பத்துநான்கு வருடத்தில் கிடைக்காத பச்சை மை... அவர்களுக்கு இரண்டே மழையில்.